தலை தேறும் நாட்கள்: மண்டையோட்டு அறுவைக்குப் பின் குழந்தையும் குடும்பமும்

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. தட்டையான பல எலும்புகள் பக்கம் பக்கமாக அமைந்திருக்க, அவற்றுக்கு இடையே நார்போன்ற மென்திசு ஓடுகிறது. இந்த இடைவரிகளுக்குப் பொருத்துக்கோடுகள் என்றும், அவை முன்தலையில் கூடுமிடத்தில் தொட்டால் மெத்தென்று அமுங்கும் பள்ளத்துக்கு உச்சிக்குழி என்றும் பெயர். முதல் ஓராண்டில் மூளையின் கொள்ளளவு ஏறத்தாழ இருமடங்காகிறது. பிறக்கும்போது 34, 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச்சுற்றளவு ஓராண்டு நிறைவில் 46 சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. இந்த வேகத்துக்கு இடம் கொடுப்பவை அந்தக் கோடுகளே. அவற்றில் ஒன்றோ சிலவோ உரிய காலத்துக்கு முன்பே எலும்பாக இறுகிப்போவதை மருத்துவர்கள் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்கிறார்கள். 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இந்நிலையை இவ்வத்தியாயம் முந்திய இறுக்கம் என்ற எளிய பெயரால் குறிக்கிறது.

ஒரு கோடு இறுகினால் தலை அந்தக் கோட்டுக்குக் குறுக்காக வளர முடியாமல், அது ஓடும் திசையிலேயே நீளும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ 1851-இல் விளக்கினார். உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் நெடுக்குக்கோடு இறுகினால் தலை படகுபோல நீண்டு ஒடுங்குகிறது. முந்திய இறுக்கம் கொண்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்படுவது இந்த வகைதான். நெற்றி நடுக்கோடு இறுகினால் நெற்றி முக்கோணமாகக் கூர்ந்து நிற்கிறது; காதுக்கு மேலாக ஏறும் குறுக்குக்கோடு ஒரு பக்கம் மட்டும் இறுகினால் அந்தப் பக்கத்து நெற்றி உள்வாங்கி, கண்குழி மேலே தூக்கிக்கொள்கிறது. ஒரே கோடு இறுகும்போது பெரும்பாலும் காரணம் எதுவும் பிடிபடுவதில்லை. பல கோடுகள் சேர்ந்து இறுகி, முகம், கைவிரல் ஆகியவற்றின் அமைப்பும் மாறியிருந்தால் குரூசோன், அப்பெர்ட் போன்ற மரபணு நோய்க்குறிகள் இருக்கின்றனவா என்று சோதிக்கப்படுகிறது.

இந்த அத்தியாயம் அறுவை முடிந்த பிறகான வாரங்களைப் பற்றியது. அதுவும் தெங்கேரா, காஜா பேராங், அலோர் காஜா, ஜாசின், பழைய புக்கிட் ஆசகான் தோட்டப்புறம் என மலாக்கா மாநிலம் முழுவதும் பரவி வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்குள் அந்த வாரங்கள் எப்படிக் கழியும் என்பதைப் பற்றியது. மருத்துவமனை தரும் அறிவுரைத் தாளில் காயம், காய்ச்சல், மருந்து ஆகியவை இருக்கும். உச்சியில் வைக்கும் விளக்கெண்ணெயும், சாம்பிராணிப் புகையும், ஸ்பிரிங் தொட்டிலும், பார்க்க வருகிறவர் நெற்றியில் பூசும் திருநீறும் அதில் இருப்பதில்லை. தமிழ் வீட்டில் குழந்தையின் உடலில் மிகுதியான கைகள் படும் இடம் தலைதான் என்பதால், தேறும் காலத்தின் முதல் முடிவு அந்தக் கைகளைப் பற்றியதாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

உருட்டிப் பிடித்தல்

குளிப்பாட்டும்போது எண்ணெய் தொட்டுத் தலையை உருட்டிப் பிடித்து வடிவம் கொடுப்பது தலைமுறைகளாகக் கைமாறி வந்த பழக்கம். பிறப்புவழியில் நெருங்கிப் பிதுங்கிய தலை சில வாரங்களில் தானாகவே உருண்டுவிடும் என்பதால், கையின் திறமைதான் அதைச் சரிசெய்தது என்ற நம்பிக்கை பாட்டிமாரிடம் உறுதிப்பட்டிருப்பதில் வியப்பில்லை. ஒரே பக்கமாகப் படுத்ததால் பின்தலை தட்டையாகிப்போன குழந்தைக்கும், படுக்கும் பக்கத்தை மாற்றியும் விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டு விளையாடவிட்டும் பெரும்பாலும் வடிவம் திரும்பிவிடுகிறது. எலும்பு இறுகிய கோட்டுக்கோ எந்தக் கையும் உதவாது; மாதம் ஏற ஏற வடிவக்கோணல் கூடிக்கொண்டே போகும், இறுகிய கோட்டின்மேல் விரலை ஓட்டினால் வரப்புபோல ஒரு மேடு தட்டுப்படும். உச்சிக்குழி திறந்திருக்கிறதே என்று சமாதானம் அடைவதும் தவறு. பொதுவாக 12 முதல் 18 மாதங்களுக்குள் மூடும் அந்தக் குழி, நெடுக்குக்கோடு முழுவதும் இறுகிய குழந்தையிடமும் திறந்தே இருக்கக்கூடும்.

அறுவைக்குப் பிறகு உருட்டிப் பிடிக்கும் பழக்கம் முற்றாக நிற்க வேண்டும். வெட்டி அகற்றப்பட்ட எலும்பின் இடம் வெறும் இடைவெளியாகவோ, இடம் மாற்றிப் பொருத்தப்பட்ட துண்டுகள் கரையும் வகைத் தகடுகளாலும் சிறு திருகுகளாலும் பிடித்துவைக்கப்பட்டதாகவோ இருக்கும். தகடுகள் கரைந்து மறைய ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம். அதுவரை தோலுக்கடியில் சிறு முண்டுகள் தட்டுப்படலாம், ஓரிடத்தில் மெத்தென்றும் பக்கத்தில் கெட்டியாகவும் இருக்கலாம். இவற்றை அமுக்கிச் சமப்படுத்தும் ஆசை அன்பினால் வருவதே. ஆயினும் அதனை அனுமதிக்கக் கூடாது.

இதைப் பாட்டியிடம் சொல்வது வீட்டில் மிகக் கடினமான உரையாடலாக அமையலாம். பேரக்குழந்தையைத் தொடாதே என்று மருமகளோ மகளோ சொன்னதாக அது மனத்தில் தங்கிவிட்டால், அந்தக் கசப்பு காயம் ஆறிய பிறகும் ஆறாது. தலையிலிருந்து விலக்கிய கைக்கு உடனே வேறு பொறுப்பைக் கொடுப்பதே நடைமுறையில் பலன் தருகிறது: காலும் முதுகும் நீவிவிடுவது, மடியில் தலையைச் சற்று உயர்த்தி வைத்துப் பால் கொடுப்பது, இரவு இரண்டாம் யாமத்தில் தாயைத் தூங்கவிட்டுத் தாலாட்டுவது. இயலுமானால் பாட்டியையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்வது நல்லது. வார்டில் தமிழ் தெரிந்த மிசி (தாதி) இருந்தால் அவர் சொல்லும் ஒரு வாக்கியம் வீட்டார் பத்து நாள் சொல்வதைவிட நன்றாகப் பதியும். காஜா பேராங் சிட்டி சமூகத்துக் குடும்பங்களைப்போல மலாய் பேசும் மூத்தோர் இருக்கும் வீட்டில் அறிவுரைத் தாளின் மலாய்ப் படியையும் கேட்டு வாங்க வேண்டும்.

அறுவையும் அதன் பழைய அச்சமும்

மண்டையைத் திறந்தால் பிள்ளை பிழைக்காது என்று ஊரில் யாரேனும் சொல்லத்தான் செய்வார்கள். அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பாரிசில் லானெலோங் 1890-லும், சான் பிரான்சிஸ்கோவில் லேன் 1892-லும் இறுகிய மண்டையோட்டைத் தளர்த்தும் அறுவைகளை வெளியிட்டனர்; தொடர்ந்து வந்த ஆண்டுகளில் பல குழந்தைகள் இறந்ததால் 1894-இல் குழந்தை மருத்துவர் ஆபிரகாம் ஜேக்கபி இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியதே 1949-இல்தான் என்பதை நினைத்தால், இன்றைய பாட்டிமாரின் இளமைக்காலத்தில் தலை அறுவை என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பது விளங்கும். பிரெஞ்சு அறுவையாளர் பால் டெசியே 1967-இல் ரோம் மாநாட்டில் தம் முறைகளை முன்வைத்த பிறகு, மண்டையோட்டையும் முகத்தையும் ஒருங்கே சீரமைக்கும் தனித்துறை வளர்ந்தது. இன்று நரம்பறுவையாளர், சீரமைப்பு அறுவையாளர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர் ஆகியோர் ஒரே குழுவாக நின்று செய்யும் அறுவை இது.

இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று திறந்த அறுவை: பொதுவாக 6 முதல் 12 மாத வயதுக்குள், ஒரு காதிலிருந்து மறு காதுவரை கீறி, எலும்பை எடுத்து வடிவம் மாற்றிப் பொருத்துவது, சில மணிநேரம் நீளும், பெரும்பாலும் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். மற்றொன்று அகநோக்கிக் குழாய் வழியாகச் சிறு கீறல்களில் இறுகிய கோட்டை நீக்குவது. அமெரிக்காவில் டேவிட் ஹிமெனெஸ், கான்ஸ்டன்ஸ் பரோன் ஆகியோர் 1990-களில் வளர்த்தெடுத்த இம்முறையில் ரத்தச் சேதமும் மருத்துவமனை நாட்களும் குறைவு. ஆனால் எலும்பு மென்மையாக உள்ள முதல் மூன்று நான்கு மாதங்களுக்குள் செய்தால்தான் முழுப்பலன் கிடைக்கும் என்பதாலும், பிறகு பல மாதங்களுக்குத் தலைக்கவசம் அணிவிக்க வேண்டும் என்பதாலும், தாமதமாகக் கண்டறியப்பட்ட குழந்தைக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

கண் மூடிக்கொள்ளும் இரண்டு நாட்கள்

திறந்த அறுவைக்குப் பின் குடும்பத்தை மிகவும் உலுக்குவது காயமன்று, வீக்கம். தீவிரக் கவனிப்புப் பிரிவிலிருந்து வெளியே வரும்போது ஓரளவு அடையாளம் தெரிந்த முகம், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஊதிப் பெருத்து, கண்ணிமைகள் இரண்டும் பலாச்சுளைபோலப் பொதும்பி, முற்றாக மூடிக்கொள்ளக்கூடும். நெற்றியைச் சீரமைத்த குழந்தைகளிடம் இது மிகுதி. கீறிய தோலுக்கடியில் தேங்கும் நீர் ஈர்ப்பினால் கீழிறங்கி இமையில் சேர்வதே காரணம். கண்ணுக்கு இதனால் கேடில்லை, நான்காம் ஐந்தாம் நாளில் முதலில் ஒரு கண் கீற்றாகத் திறக்கும். தலைப்பக்கத்தை ஏறத்தாழ 30 பாகை உயர்த்திப் படுக்கவைப்பது வீக்கம் வடிய உதவுகிறது.

பார்வை மறைந்த குழந்தைக்கு எது நடந்தாலும் திடீரென்று நடப்பதாகவே இருக்கும். அதனால் தொடுவதற்கு முன் பேச வேண்டும், பேசிய பிறகு முதலில் உள்ளங்கையைத் தொட வேண்டும், தூக்குவதற்கு முன் அதே சொல்லை அதே குரலில் சொல்ல வேண்டும். தாய் முன்பு உடுத்திய துவைக்காத கைலியோ மேல்துண்டோ அருகில் இருந்தால் அதன் வாசனையே குழந்தையை அமர்த்தும்; துணியை முகத்தருகில் விடாமல் தாய் கையில் பிடித்திருக்க வேண்டும். இந்த நாட்களில் வாட்ஸ்ஆப் குழுவில் படம் போட வேண்டாம் என்று குடும்பத்தார் முன்பே பேசிவைப்பது நல்லது. வீங்கிய முகத்தைப் பார்த்து அத்தையும் சித்தியும் அழுது அனுப்பும் குரல்பதிவுகளுக்குப் பதில் சொல்லும் வலு தாய்க்கு அப்போது இருக்காது.

கோலாலம்பூரிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ உள்ள பெரிய மருத்துவமனையில் அறுவை நடந்தால், மலாக்காவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் தாய் தங்க வேண்டியிருக்கிறது. வார்டில் பெரும்பாலும் ஒருவர்தான் இரவில் உடனிருக்கலாம். உறவினர் வீடு செந்தூலிலோ கிள்ளானிலோ இருந்தால், அங்கிருந்து குளித்து உடைமாற்றிவரவும் ஒரு வேளை சூடான சோறு வரவும் முன்னேற்பாடு செய்வது சிறிய காரியமாகத் தோன்றினாலும், பால் கொடுக்கும் தாய்க்கு அதுவே மருந்து.

வீடு திரும்பும் வழியில் தந்தை மோட்டார் சைக்கிளில் குழந்தையை ஏற்றக் கூடாது. காரில் குழந்தை இருக்கை மலேசியாவில் 2020 ஜனவரி முதல் கட்டாயம். அதன் தலைப்பட்டை கீறலின்மேல் அழுந்துகிறதா என்று புறப்படும் முன்பே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள்

காயத்தைப் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும். தெங்கேராச் சாலையின் பழைய வரிசை வீடுகள் முன்வாசல் குறுகி உள்ளே நெடுகப் போவதால், நடுக்கூடம் பகலிலும் இருட்டாகவே இருக்கும். வானம் தெரியும் நடு முற்றத்திலோ வாசலிலோ காலை வெளிச்சத்தில், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் பார்ப்பது சிறந்தது. ஒரே ஆள் பார்த்தால்தான் நேற்றைய சிவப்புக்கும் இன்றைய சிவப்புக்கும் வேறுபாடு தெரியும். கீறல் நேர்கோடாக இல்லாமல் வளைந்து வளைந்து போவதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். பின்னாளில் முடி ஈரமாகப் படிந்தாலும் வகிடுபோலத் தெரியாதிருக்கவே அறுவையாளர் அப்படிக் கீறுகிறார். தையல் கரையும் வகையா, எடுக்க வேண்டிய வகையா, எந்த நாளில் தலைக்குத் தண்ணீர் விடலாம் என்பவை அறுவையாளருக்கு அறுவையாளர் மாறும் என்பதால், வீடு திரும்பும் முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

காயம் முழுவதும் மூடும்வரை எண்ணெய் எதுவும் தலைக்கு ஆகாது: தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒன்றே. மஞ்சள் கிருமியை அறுக்கும் என்று காயத்தில் அப்புவதும், அரைத்த பச்சிலை வைப்பதும், கோவில் திருநீற்றை உச்சியில் பூசுவதும் கூடாது. தூள் எதுவானாலும் தையலின் இடுக்கில் தங்கிவிடும். திருநீற்றைக் குழந்தையின் பாதத்திலோ தாயின் நெற்றியிலோ இடச் சொன்னால் வந்தவர் மனமும் நோகாது. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் மயக்கமருந்து பட்டு மீண்ட நுரையீரலுக்குத் தொல்லை, கொசுவலையே போதும். இருமலோ சளியோ உள்ளவர் வாசலோடு திரும்புவதும், மற்றவர் கை கழுவிய பின் பார்ப்பதும், யாரும் முத்தமிடாதிருப்பதும் குடும்பத்தலைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை. தாயின் மேல் அந்தப் பொறுப்பைச் சுமத்தினால் பழியும் அவளுக்கே வந்துசேரும்.

மலேசியத் தமிழ் வீடுகளில் உத்தரத்திலோ இரும்புக் காலிலோ தொங்கும் ஸ்பிரிங் தொட்டில் தனிக் கவனம் பெறுகிறது. கைலித் துணிக்குள் குழந்தை குழிந்து படுக்கும்போது தாடை மார்பில் அழுந்தி மூச்சுவழி ஒடுங்கலாம். துணியின் இருபுறமும் தலையின் பக்கங்களை நெருக்கும். ஸ்பிரிங் மேலும் கீழும் உதறும் ஒவ்வொரு முறையும் ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு அதிர்கிறது. மருத்துவர் அனுமதிக்கும்வரை அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கண்ணெதிரே தொங்கினால் நள்ளிரவு அழுகையில் கை தானாக அதைத் தேடும். சமதளமான உறுதியான மெத்தையில் மல்லாந்து படுக்கவைப்பதே முறை. தொட்டிலுக்குப் பழகிய குழந்தை முதல் சில இரவுகள் தூங்க மறுக்கும். அறுவைக்குப் பின் சில வாரங்கள் இரவில் அடிக்கடி விழித்து அழுவது தொட்டில் இல்லாத குழந்தைகளிடமும் காணப்படுவதால், தொட்டிலை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்ப வேண்டாம். இயலுமானால் அறுவைத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மெத்தைக்குப் பழக்குவது, தேறும் நாட்களின் பாரத்தில் பாதியைக் குறைத்துவிடும்.

வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால் திரவமே தரப்படுகிறது. அளவு வயதைக் கொண்டு அன்று, எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது 4 மணிநேரம், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேற்படாமல் என்பது வழக்கமான வரம்பு. மலேசியக் கடைகளில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் கொண்ட புட்டியும் 250 மில்லிகிராம் கொண்ட புட்டியும் அடுத்தடுத்து நிற்கின்றன. மருத்துவமனை கொடுத்தது தீர்ந்து, மூத்த பிள்ளைக்கு வாங்கியதை எடுத்து அதே மில்லிலிட்டர் அளவு ஊற்றினால், இருமடங்கு மருந்து உள்ளே போய்விடும். புட்டியின்மேல் குழந்தையின் பெயரையும் அளவையும் எழுதி ஒட்டி, கொடுத்த நேரத்தை நாட்காட்டியில் குறிக்க வேண்டும். இரவுப்பணி முடிந்து வரும் தந்தை, தாய் கொடுத்தது தெரியாமல் மறுபடி கொடுப்பதை அந்த ஒரு குறிப்பு தடுக்கும். ஆஸ்பிரின் எந்நிலையிலும் கூடாது.

ரத்தம் இழந்த குழந்தை சில வாரம் வெளிறியும் சோர்ந்தும் இருக்கலாம். ஆறு மாதம் கடந்திருந்தால் மசித்த ஈரல், மீன், முட்டை மஞ்சட்கரு, பருப்பும் கீரையும் சேர்த்த குழைசோறு ஆகியவற்றால் இரும்புச்சத்து சேர்கிறது. பாலும் சர்க்கரையும் கலந்த தேநீரைப் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுப்பதால் அறவே விட வேண்டும்.

ரத்தம் ஏற்றியதற்கு மற்றொரு விளைவும் உண்டு. பல குடும்பங்கள் இதை அறிவதில்லை. மலேசியத் தடுப்பூசி அட்டவணையில் 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படும் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஊசி உயிர்க்கிருமி வகை. ஏற்றப்பட்ட ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அதன் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால், ரத்தத்தின் வகையைப் பொறுத்துச் சில மாதங்கள் தள்ளிப்போட நேரிடலாம். திறந்த அறுவை நடக்கும் வயதும் இதுவே ஆகையால், எந்த நாளில் என்ன ரத்தம் ஏற்றப்பட்டது என்பதைச் சிறார் உடல்நலப் பதிவுப் புத்தகத்தில் எழுதித் தரும்படி வார்டிலேயே கேட்டு, ஊர்க் கிளினிக் மிசியிடம் அதைக் காட்ட வேண்டும்.

தலைக்கவசம் தரப்பட்ட குழந்தைக்கு நாளில் 23 மணிநேரம் அது தலையில் இருக்க வேண்டும். மலாக்காவின் புழுக்கத்தில் இது பெருஞ்சோதனை. மீதமுள்ள ஒரு மணிநேரத்தில் தலையைக் கழுவி நன்கு உலர்த்தி, கவசத்தின் உட்புறத்தைச் சொல்லித்தந்த முறையில் துடைத்துக் காற்றாட வைக்க வேண்டும். கவசம் எடுத்தவுடன் தெரியும் சிவப்பு ஒரு மணிநேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை, மறையாவிட்டால் அழுத்தம் மிகுந்த இடம் என்று பொருள். கவசம் பொருத்தியவரிடம் கொண்டுசென்று சரிசெய்ய வேண்டுமே தவிர, வீட்டில் பஞ்சு வைத்து அடைக்கக் கூடாது.

காத்திராமல் புறப்பட வேண்டிய அறிகுறிகளை வீட்டில் உள்ள அனைவரும், தொலைபேசி எடுக்கத் தெரிந்த மூத்த பிள்ளை உட்பட, அறிந்திருக்க வேண்டும். 38 பாகைக்கு மேல் காய்ச்சல், கீறலிலிருந்து சீழ் அல்லது நாற்றம், வடிந்த வீக்கம் திரும்பவும் ஏறுதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். கீறலிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போலத் தெளிந்த நீர் வழிவது மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதாக இருக்கலாம். உட்காரவைத்து அழாதிருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து நிற்பது, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு ஆகியவை மண்டைக்குள் அழுத்தம் கூடியதைக் காட்டலாம். இந்நிலைகளில் 999 அழைப்பதே சரி. பக்கத்துத் தனியார் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்தில் மதிப்புமிக்க மணிநேரங்கள் கழிந்துவிடுகின்றன.

தாய்மேல் விழும் கேள்வி

கிரகணத்தில் வெளியே போனாளா, மாசமாக இருந்தபோது எதைத் தின்றாள், யார் வீட்டுத் தோஷம் என்ற கேள்விகள் பார்க்க வருகிறவரோடு வீட்டுக்குள் நுழைகின்றன. ஒற்றைக்கோடு இறுகுவதற்கும் கிரகணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் தாய் செய்த எதையும் இதற்குக் காரணமாகக் காட்ட முடிவதில்லை. இதைத் தாயிடம் ஒரு முறை சொன்னால் போதாது. மாமியாரும் கணவரும் மற்றவர் முன்னிலையில் சொல்ல வேண்டும், ஏனெனில் பழி சுமத்தப்பட்டது மற்றவர் முன்னிலையில்தான். உறக்கமின்மை, அறுவை நாளைத் திரும்பத் திரும்பக் கனவில் காணுதல், குழந்தையைத் தொடவே நடுங்குதல், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தையை மறுபார்வைக்குக் கொண்டுபோகும் அதே கிளினிக்கில் தாயையும் காட்டலாம், 15555 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள திருத்தப்பட்ட வேலைச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் தாய்க்கு 98 நாள் மகப்பேறு விடுப்பையும் தந்தைக்கு 7 நாள் விடுப்பையும் தருகிறது. திறந்த அறுவை நடக்கும் காலத்துக்குள் அவை இரண்டும் தீர்ந்திருக்கும். ஆண்டு விடுப்பை அறுவைக்கென்று முன்கூட்டியே சேர்த்துவைப்பதும், மருத்துவமனைத் தேதிக் கடிதத்தை மேலாளரிடம் காட்டிச் சில வாரங்களுக்கு வேலைநேரத்தை மாற்றிக் கேட்பதும் தந்தையின் பங்கு. மூத்த பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது: பாப்பா தலையில் பந்து படக் கூடாது என்று மட்டும் சொல்லி விரட்டாமல், பாப்பாவின் தொப்பியைக் கொண்டுவருவது, பாட்டுப் பாடுவது என்று ஒரு வேலையைத் தந்தால் அவர்களே காவலாகிவிடுகிறார்கள்.

தாள்களும் பணமும்

சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் மலேசியக் குடிமக்களுக்கு நிபுணர் மருத்துவரைக் காண 5 வெள்ளி, மூன்றாம் வகுப்புப் படுக்கைக்கு நாளுக்கு 3 வெள்ளி என்ற அளவிலேயே கட்டணம் இருந்து வருகிறது. பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கட்டணம் வேறு, கூடுதலாகவும் இருக்கும். இந்தச் சலுகைக்கு அடிப்படை குழந்தையின் பிறப்புப் பத்திரம். பெற்றோரின் திருமணப் பதிவோ அடையாள அட்டையோ சிக்கலில் இருந்து, குழந்தைக்குக் குடியுரிமை பதியப்படாதிருந்தால் வெளிநாட்டவர் கட்டணம் விழும். தோட்டப்புறத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களில் இத்தொல்லை இன்றும் இருக்கிறது. தலைவடிவம் பற்றிய முதல் ஐயம் எழுந்த நாளிலேயே தேசியப் பதிவிலாகாவுக்கும் நடக்கத் தொடங்க வேண்டும். தலைக்கவசம், போக்குவரத்து முதலிய செலவுகளுக்கு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவை அணுகினால், அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவார்கள். சம்பளச் சீட்டும் வாடகை ரசீதும் கையில் இருந்தால் வேலை விரைவாக முடியும்.

மறுபார்வை பல ஆண்டுகள் தொடரும். ஒவ்வொரு முறையும் தலைச்சுற்றளவு அளக்கப்படும், கண்ணின் உட்புறத்தைப் பார்த்து மண்டைக்குள் அழுத்தம் கூடியுள்ளதா என்று சோதிப்பார்கள், பேச்சும் நடையும் வயதுக்கேற்ப வளர்கின்றனவா என்று கேட்பார்கள். சிறு பங்கினருக்கு மறு அறுவை தேவைப்படுவதும் உண்டு. குழந்தை நன்றாக ஓடியாடுகிறது என்பதற்காகத் தேதியைத் தவறவிடுவது பொதுவாகக் காணப்படும் பிழை. மெல்லக் கூடும் அழுத்தம் வெளியே தெரியாமலேயே பார்வை நரம்பைப் பாதிக்கும் என்பதால், தவறிய தேதியைத் தொலைபேசியில் உடனே மாற்றிக் கேட்க வேண்டும்.

முடியிறக்கும் நேர்த்தி

ஓராண்டு நிறைவில் சன்னாசிமலைக்கோ பத்துமலைக்கோ முடிகாணிக்கை நேர்ந்திருக்கும் குடும்பங்கள் பல. மாசி மகத்தைக் குறித்துவைத்தவர்களும் இருப்பார்கள். கத்தியால் மழிப்பதை அறுவையாளர் அனுமதிக்கும்வரை தள்ளிவைக்க வேண்டும். நாள் தவறக் கூடாது என்று மூத்தோர் வற்புறுத்தினால், கத்தரிக்கோலால் பின்கழுத்தருகே ஒரு கற்றை மட்டும் எடுத்துக் காணிக்கையாகச் செலுத்தலாம். காது குத்துவதையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளாமல், காதருகே முடியும் தழும்பு முற்றாக ஆறிய பின் வேறொரு நாளில் வைப்பது நல்லது. அனுமதி கிடைத்து மழிக்கும்போது, நாவிதரிடம் உட்காரும் முன்பே தழும்பின் போக்கைத் தந்தை விரலால் காட்ட வேண்டும். புது அலகு, தண்ணீர் தாராளம், தழும்பின்மேல் குறுக்காக இழுக்காமல் அதன் ஓரமாகவே இறக்கும் மெதுவான கை ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும், முண்டு உள்ள இடத்தை விட்டுவிடச் சொல்ல வேண்டும். மழித்த தலையில் சந்தனம் பூசலாமா என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால், அதுவரை காலையும் முதுகையும் மட்டும் நீவிவந்த பாட்டியின் கையே அதைக் குழைத்து இடலாம்.